கைப்பக்குவத்தை எடைபோட ஒரு தராசு: டிஜிட்டல் கிச்சன் ஸ்கேல் எவ்வளவு தூரம் உதவும்?

‘உப்பு எவ்வளவு?’ என்று கேட்டால் ‘பார்த்துப் போடு’ என்றுதான் பதில் வரும். கண்ணளவில் சமைப்பவருக்கு அளவு நன்றாகவே தெரியும், சொல்லத்தான் வராது. அம்மாவோ பாட்டியோ சமைத்துக்கொண்டிருக்கும்போதே வீட்டு ருசியைக் குறித்துவைக்க நினைப்பவர்கள், நோட்டுக்கும் முன்னால் வாங்கவேண்டியது டிஜிட்டல் தராசு. இந்த ஒரு வேலைக்கு அது எப்படி என்று மட்டுமே இங்கே பார்க்கிறோம். டயட் கணக்குக்கான தேவைகள் வேறு.

5 கிலோ வரை தாங்கி, 1 கிராம் வித்தியாசம் காட்டும் சாதாரணத் தராசு முக்கால்வாசி வேலைக்குப் போதும். அரிசி, மாவு, காய், எண்ணெய் எல்லாம் அதில் அடங்கிவிடும். தடுமாறுவது சிட்டிகையில்தான். ஒரு சிட்டிகை தூள் உப்பு அரை கிராம்கூடத் தேறாது. திரை 0 அல்லது 1 என்று ஏதாவது காட்டிவைக்கும். இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பெரும்பாலான தராசுகள் பூஜ்யத்தைத் தாமாகவே சரிசெய்துகொள்ளும். டேர் பொத்தானை, அதாவது மேலே இருக்கும் எடையைக் கழித்துத் திரையைப் பூஜ்யமாக்கும் பொத்தானை, அழுத்தியபின் பொடியை மெல்ல மெல்லத் தூவினால், அந்தச் சின்ன ஏற்றத்தைத் தன்னுடைய பிசகு என்று எடுத்துக்கொண்டு மறுபடி பூஜ்யத்துக்கே போய்விடும். 3 கிராம் விழுந்திருக்கும், திரையில் 0 நிற்கும். மிளகாய்த்தூளில் இப்படி ஆனால் குறிப்பே வீண். 500 கிராம் வரை தாங்கும், 0.1 கிராம் காட்டும் குட்டித் தராசு ஒன்று கூடவே இருந்தால் உப்புக்கும் மசாலாவுக்கும் கவலையில்லை.

அது இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது. போடும் பொருளை விட்டுவிட்டு டப்பாவை நிறுங்கள். ‘இருங்க, முதல்ல இந்தக் கிண்ணத்துல போடுங்க’ என்று ஒவ்வொன்றுக்கும் நிறுத்தினால், சமைப்பவர் யோசித்துப் போட ஆரம்பித்துவிடுவார். பிறகு அது அவர் கையளவே இல்லை. அடுப்பைப் பற்றவைக்கும் முன் உப்பு டப்பா, பொடி டப்பாக்கள், எண்ணெய் பாட்டில் எல்லாவற்றையும் மூடியோடு நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். அவர் வழக்கம்போல் சமைக்கட்டும். முடிந்ததும் மறுபடி மூடியோடு நிறுத்துக் கழியுங்கள். உப்பு டப்பா 412-இலிருந்து 401-க்கு இறங்கியிருந்தால் 11 கிராம். ருசி பார்த்துவிட்டு இரண்டாவது தடவை போட்டதும் இந்தக் கணக்கில் சேர்ந்துவிடும். கிண்ணத்தில் அளக்கும்போது தப்பிப்போவது அதுதான். எதை எப்போது போட்டார் என்பதை மட்டும் பக்கத்தில் நின்று எழுதவேண்டும். இரண்டு முறை நிறுப்பதால் ஒரு கிராம் வரை முன்னேபின்னே ஆகலாம். 5 கிராமுக்குக் கீழே உள்ள பொருளுக்கு இந்த வழி பிடிபடாது, குட்டித் தராசுதான்.

‘நல்லா சுண்டவிடு’ என்பதையும் எண்ணாக்கலாம். காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துவிட்டால், கொதி வருமுன் ஒருமுறை, இறக்கியதும் ஒருமுறை நிறுத்து எவ்வளவு வற்றியது என்று கண்டுபிடிக்கலாம். சூடான பாத்திரத்தை நேராகத் தராசில் வைக்காதீர்கள். உள்ளே இருந்து எடையை உணரும் லோடு செல் என்ற பாகம் சூட்டில் தப்புக் காட்டும், பிளாஸ்டிக் தட்டு இளகும். மரப்பலகை ஒன்றை வைத்து, டேர் அழுத்திவிட்டு அதன்மேல் வையுங்கள். 5 கிலோ என்பது பாத்திரத்தையும் பலகையையும் சேர்த்துத்தான். அதற்குமேல் ஏற்றினால் லோடு செல் வளைந்து, பிறகு எப்போதுமே சரியாகக் காட்டாமல் போகலாம்.

வாங்கும்போது கவனிக்கவேண்டியது ஆட்டோ ஆஃப். இரண்டே நிமிடத்தில் அணைந்துபோகும் தராசு இந்த வேலைக்கு ஆகாது. டேர் செய்த கணக்கும் கூடவே போய்விடும். அகலமான பாத்திரம் திரையை மறைக்கிறதா என்று பாருங்கள். ஒரே பொருளைத் தட்டின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பாருங்கள்; 2 கிராமுக்கு மேல் வித்தியாசம் வந்தால் வேண்டாம். மில்லிலிட்டர் காட்டும் வசதி பெரும்பாலும் எல்லாவற்றையும் தண்ணீராகவே கணக்கிடும். ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 920 கிராம்தான், ஆகவே கிராமிலேயே எழுதுங்கள். போன் ஆப்போடு இணையும் தராசு தேவையே இல்லை. ஆப் நின்றுபோனால் குறிப்புகளும் போய்விடும். பேரப்பிள்ளைக்குக் கிடைக்கவேண்டிய குறிப்பு காகிதத்தில் இருக்கட்டும்.

கிராமில் எழுதுவதால் பெரிய லாபம் உப்பில். கல்லுப்பும் தூள் உப்பும் ஒரே ஸ்பூனில் ஒரே எடை வராது. வெளியூரில் இருக்கும் மகள் அதே ஸ்பூன் கணக்கில் செய்து ‘நம்ம வீட்டு ருசி வரலையே’ என்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். விகிதமாகவும் எழுதிவையுங்கள்: 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பு என்றால் 2 சதவீதம். நான்கு பேருக்கோ நாற்பது பேருக்கோ அதை வைத்தே கணக்குப் போடலாம். காரமும் புளிப்பும் இப்படி நேராகப் பெருக்கினால் சரியாக வராது, குறைத்துத் தொடங்கி ருசி பார்த்துச் சேர்க்கவேண்டும்.

ஒருநாள் எடுத்த அளவை நம்பவேண்டாம். அதே பதார்த்தத்தை மூன்று தடவையாவது நிறுத்து, ‘9 முதல் 12 கிராம்’ என்று எல்லையாக எழுதுங்கள். காய் முற்றலா பிஞ்சா, யார் சாப்பிட வருகிறார்கள் என்பதையெல்லாம் பார்த்து அந்தக் கை கூட்டிக் குறைக்கிறது. எந்த நாள், யாருக்காக என்ற குறிப்பு எடைக்குப் பக்கத்திலேயே இருந்தால்தான் கூடியதும் குறைந்ததும் ஏன் என்று பின்னால் படிப்பவருக்குப் புரியும். பாத்திரத்தின் வாய் அகலத்தையும் அளந்து எழுதிவிடுங்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், நீங்கள் எழுதிய நிமிடக் கணக்கு அங்கே செல்லாது.