ஹப் அளக்க ஒரு டிஜிட்டல் இடுக்கிமானி

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் உள்ள சைக்கிள் கடைகளில், வழக்கமான சைக்கிளுக்குரிய ஸ்போக் கம்பியை 26, 28 என்று சக்கரத்தின் அளவைச் சொல்லியே வாங்கிவிடலாம். சக்கரத்தின் நடுவில் அச்சைத் தாங்கும் பகுதியான ஹப்பைக் கழற்றி வேறு வகை றிம்மில் கோக்க முற்படும்போதுதான் கம்பியின் நீளத்தைக் கணக்கிட வேண்டியிருக்கிறது. அதற்காகவே, நகரத்து ஹாட்வெயார் கடையொன்றில் 150 மில்லிமீற்றர் டிஜிட்டல் இடுக்கிமானி ஒன்றை வாங்கினேன். பாடசாலை ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கிமானியை வாசிக்கப் பழகியவர்களுக்கு இதில் கற்பதற்குப் புதிதாக எதுவுமில்லை.

ஹப்பில் கடினமான அளவு, கம்பித் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டமே. அச்சும், அதன் இரு முனைகளிலும் இறுக்கப்பட்ட லொக் நட்டும் நடுவில் நீட்டிக்கொண்டிருப்பதால், எதிரெதிர்த் துளைகளுக்கிடையே கருவியை நேராக வைக்க முடிவதில்லை. ஆகவே துளைகள் உள்ள தட்டின் வெளிவிட்டத்தை நீண்ட தாடைகளால் எடுத்து, துளைக்கும் தட்டின் ஓரத்துக்கும் இடையிலுள்ள தூரத்தை இருமுறையும், துளையின் விட்டத்தை ஒருமுறையும் கழிப்பதே சரியான வழி. தட்டு 52, ஓரம் 2.2, துளை 2.6 எனில் விடை 45 மில்லிமீற்றர். 40 மில்லிமீற்றர் ஆழமுள்ள தாடைகள் அச்சைச் சுற்றி எளிதாக எட்டுகின்றன. இந்த வேலையில் கருவி குறை வைக்கவில்லை.

அடுத்தது, ஹப்பின் நடுவிலிருந்து ஒவ்வொரு தட்டும் எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பது. லொக் நட்டின் வெளிமுகத்திலிருந்து தட்டின் உட்பக்கம் வரை அளந்து, தட்டின் தடிப்பில் பாதியைக் கழித்து, வருவதை ஹப்பின் மொத்த அகலத்தின் பாதியிலிருந்து கழிக்க வேண்டும். 130 மில்லிமீற்றர் அகலமுள்ள கியர் ஹப்பொன்றில் வலப்புறம் 18, இடப்புறம் 35 என்று வந்தால், 36 துளைக்கு மூன்று குறுக்காக, அதாவது ஒவ்வொரு கம்பியும் வேறு மூன்று கம்பிகளைக் கடக்குமாறு, கோக்கும் சக்கரத்தில் வலக்கம்பி இடக்கம்பியைவிட ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீற்றர் குட்டையாக இருக்கும். கருவியின் முனையில் நீளும், ஆழம் அளக்கும் ஆழமானிக் கம்பியை இதற்குப் பயன்படுத்த நினைப்பவர்கள் அதை மறந்துவிடலாம். பல்லுச் சில்லு ஏறும் பகுதி குறுக்கே நிற்கும்.

திரையில் தெரியும் 0.01 என்ற நுணுக்கம் வாங்குபவரை மயக்குவதற்கு மட்டுமே உதவுகிறது என்பேன். மேற்சொன்ன சக்கரத்தில் தட்டின் தூரம் வலப்புறத்தில் 1 மில்லிமீற்றர் பிழைத்தாலும் கம்பியின் நீளம் 0.1 கூட மாறாது. துளை வட்டத்தின் விட்டம் அதேயளவு பிழைத்தால் 0.2 அளவு மாறும். றிம்மின் விட்டம் பிழைத்தாலோ பாதி மில்லிமீற்றர் போய்விடும். கடைக்காரர் எடுத்துக் காட்டிய, 0.1 மட்டுமே காட்டும் பிளாஸ்ரிக் கருவியும் ஹப்புக்குப் போதுமானதே. உருக்கினாலான இதன் மேலதிக விலைக்கு நியாயம், தாடைகள் அழுத்தினால் வளையாதிருப்பதில் மட்டுமே இருக்கிறது.

குறைகளும் உண்டு. அணைத்து வைத்தாலும் எல்ஆர்44 பற்றரி மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது. வேலை முடிந்ததும் அதைக் கழற்றி வைப்பது நல்லது. கல்லடிப் பக்கத்து உப்புக்காற்றில் துருப்பிடிக்காத உருக்கு என்ற பேச்சை முழுவதும் நம்பாமல், தாடைகளில் சிறிது எண்ணெய் பூச வேண்டும். அளக்கத் தொடங்குமுன் தாடைகளை மூடிப் பூச்சியத்துக்குக் கொண்டுவராவிட்டால் அளவு எதையும் நம்ப முடியாது.

றிம்மை இதனால் நேரடியாக அளக்க முடியாது. ஆயினும் 250 மில்லிமீற்றருக்கு வெட்டிய இரண்டு பழைய ஸ்போக் கம்பிகளில், கம்பியை றிம்மில் இறுக்கும் சிறு நட்டான நிப்பிளை ஏற்றி, எதிரெதிர்த் துளைகளில் இட்டு இறுக்கிப் பிடித்தால், நடுவில் எஞ்சும் இடைவெளி இந்தக் கருவிக்குள் அடங்கிவிடுகிறது. இடைவெளி 102 என்றால் றிம்மின் விட்டம் 602. றிம் முழுவட்டமாக இருப்பது அரிது என்பதால் வேறு துளைகளிலும் எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும்.