"வெரிஃபைடு லீட்ஸ்"னு நம்பர் லிஸ்ட் விக்கறவங்ககிட்ட உஷார்

சின்னதா பிசினஸ் பண்றவங்க கொஞ்சம் படிச்சிட்டுப் போங்க. கூகுள்ல தேடினா வர்ற கடைங்களோட போன் நம்பர், மெயில் ஐடி எல்லாத்தையும் தானா உருவிக் குடுக்கற சாஃப்ட்வேர்னு ஒண்ணு விக்கறாங்க, கூடவே ரெடிமேட் லிஸ்ட்டும் தர்றாங்க, அதுல காசும் போச்சு பேரும் போச்சு எங்களுக்கு.

கோயமுத்தூர்ல கேக் பாக்ஸ், ஸ்வீட் பாக்ஸ் அடிச்சு பேக்கரிங்களுக்கு சப்ளை பண்றோம். தமிழ்நாடு பூரா பேக்கரி 10,000 நம்பர், 100% வெரிஃபைடு, சாஃப்ட்வேர் லைஃப்டைம், வாட்ஸ்அப்ல மொத்தமா மெசேஜ் அனுப்பற டூல் ஃப்ரீ, எல்லாம் சேர்த்து 4,500 ரூபான்னாங்க. பணம் அனுப்பினதும் ஃபைல் வந்துச்சு, பில் இன்னிக்கு வரைக்கும் வரல.

எக்செல்ல தொறந்தா பாதி நம்பர் 9.19E+11னு நிக்குது. கேட்டா செல்லை அகலமாக்குங்க சரியாயிடும்னாங்க. ஆகாதுங்க. 91 சேர்த்து 12 இலக்கம் வந்தா எக்செல் அப்படித்தான் சுருக்கிக் காட்டும், அதை அப்படியே சிஎஸ்வியா, அதாவது வெறும் எழுத்து ஃபைலா சேவ் பண்ணிட்டா பின்னாடி இருக்கற இலக்கமெல்லாம் போயிடும், ஃபார்மட் மாத்தினா வரிசையா ஜீரோதான் வரும், யாராலயும் திரும்ப எடுக்க முடியாது. வித்தவங்க ஒரே ஒரு தடவை ஃபைலைத் தொறந்து பார்த்திருந்தா கூட தெரிஞ்சிருக்கும். இதுக்குப் பேரு வெரிஃபைடா?

மெயில் ஐடி பக்கம் இன்னும் மோசம். logo@2x.pngனு வரிசையா இருக்கு. அது மெயிலே இல்ல, வெப்சைட்டுல இருக்கற படத்தோட ஃபைல் பேரு, நடுவுல அட் குறி இருக்கறதால மெயில்னு நினைச்சு டூல் அள்ளிக்கிட்டு வந்திருக்கு. நிறைய கடைக்கு நேரா ஒரே மெயில் ஐடி, யாருன்னு பார்த்தா அந்தக் கடைங்களுக்கெல்லாம் வெப்சைட் போட்டுக் குடுத்த டிசைனர், பாவம் அவருக்கு எங்க கேக் பாக்ஸ் விளம்பரம் திரும்பத் திரும்பப் போயிருக்கு, போன் பண்ணி சத்தம் போட்டார், அவர் கோவம் நியாயந்தான். மூடிப்போன கடை, ஒரே கடை நாலு ஸ்பெல்லிங்ல, எல்லாம் உண்டு. கூகுள் மேப்ஸ்ல ஒரு தேடலுக்கு கிட்டத்தட்ட 120 இடம் வரைக்கும்தான் காட்டும், அதனால ஏரியா ஏரியாவா பின்கோடு வச்சுத் தேடினாத்தான் உருப்படியா ஏதாவது கிடைக்கும், இவங்க அந்த வேலையே பண்ணல, எண்ணிக்கை காட்டறதுக்கு குப்பையைக் கொட்டியிருக்காங்க.

அந்த ஃப்ரீ டூல்தான் பெரிய அடி. நமக்கு அறிமுகமே இல்லாதவங்களுக்கு மொத்தமா மெசேஜ் போனதும் ஆளாளுக்கு பிளாக், ரிப்போர்ட். வாட்ஸ்அப் எங்க நம்பரைத் தடை பண்ணிடுச்சு. எங்க ஒவ்வொரு பாக்ஸ் அடியிலயும் பிரிண்ட் ஆகியிருக்கற நம்பருங்க அது, பழைய கஸ்டமர் ஆர்டர் போடறதே அதுலதான்.

போன்ல கூப்பிடலாம்னு நினைக்கறவங்களுக்கும் சொல்றேன். சாதாரண 10 இலக்க நம்பர்ல இருந்து வியாபார கால் பண்ணா டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தோட விதிப்படி தப்பு, 1909ல புகார் குடுக்கலாம், 2025 பிப்ரவரில விதியை இன்னும் இறுக்கிட்டாங்க, 10 நாள்ல 5 புகார் வந்தாலே நடவடிக்கை, முதல் தடவையே 15 நாள் அவுட்கோயிங் கட். லிஸ்ட் விக்கறவங்க இதைப் பத்தி மூச்சே விடமாட்டாங்க.

சாஃப்ட்வேரும் கொஞ்ச நாள்தான் ஓடுச்சு. நான் ரோபோ இல்லைன்னு டிக் பண்ணச் சொல்லி கூகுள் கேட்க ஆரம்பிச்சுது, அப்புறம் வெறும் காலி வரிசையா வருது. லைஃப்டைம்னு சொன்னவங்க இப்ப ப்ராக்ஸிக்கு, அதாவது வேற வேற இடத்துல இருந்து தேடற மாதிரி கூகுளுக்குக் காட்டற சர்வீஸுக்கு, தனியா மாசாமாசம் கட்டணும்கறாங்க. ரீஃபண்ட் கேட்டதும் பிளாக். இன்னொண்ணு, இவங்க குரோம்ல சேர்த்துக்கச் சொல்ற எக்ஸ்டென்ஷன்கற குட்டி சாஃப்ட்வேர் எல்லா வெப்சைட்டுலயும் உங்க டேட்டாவைப் படிக்கவும் மாத்தவும் பர்மிஷன் கேக்கும், அதே குரோம்ல பேங்க் லாகின் வச்சிருந்தா தயவுசெஞ்சு போடாதீங்க. போட்டிருந்தா இப்பவே எடுத்துட்டு பாஸ்வேர்டு எல்லாம் மாத்திடுங்க.

வாங்கியே ஆகணும்னா, உங்க ஊர்ல உங்களுக்குத் தெரிஞ்ச ஏரியா ஒண்ணைச் சொல்லி 50 வரி சாம்பிள் கேளுங்க, பணத்துக்கு முன்னாடி. தர மறுத்தா விட்டுடுங்க.

சைபர் மோசடிக்கான 1930 நம்பர்ல புகார் குடுத்திருக்கோம். எங்களுக்குக் காட்டின அதே டெமோ வீடியோவை வேற பேர் போட்டு இப்ப ஹார்டுவேர் கடை லிஸ்ட், டெக்ஸ்டைல் லிஸ்ட்டுன்னு ஓட்டிட்டு இருக்காங்க, திருப்பூர் ஈரோடு பக்கம் இருக்கறவங்க கண்ணுல பட்டா வாங்கிடாதீங்க.