மோசமான தெருவுக்கு முதல் பணமா, நல்ல தெருவுக்கா? சாலைப் பராமரிப்பு நிதி: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஆண்டு நிதி வந்ததும் இருப்பதிலேயே மோசமான தெருவை முதலில் போடுவது ஒரு வழி. புகார் அடங்கும், திறப்பு விழாவும் நடத்தலாம். இன்னும் கெடாத தெருக்களை முதலில் காப்பாற்றிவிட்டு, கெட்டதைக் கொஞ்சம் காக்கவைப்பது இன்னொரு வழி. கேட்க அநியாயமாகத் தோன்றும் இந்த இரண்டாவதுதான் கணக்கில் தேறுகிறது.

100 கிலோமீட்டர் தெருக்கள் உள்ள நகரம் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கிலோமீட்டரும் வருடத்துக்கு ஓர் ஆண்டு ஆயுளை இழக்கிறது; மொத்தம் 100 கிலோமீட்டர்-ஆண்டு போகிறது. கையில் 2 கிலோமீட்டரைத் தோண்டிப் புதிதாகப் போடும் அளவுக்குத்தான் பணம். 20 ஆண்டு ஆயுள் கிடைத்தாலும் வரவு 40தான். அதே பணத்தில் 1 கிலோமீட்டரை மட்டும் புதிதாகப் போட்டு, மீதியில் 10 கிலோமீட்டருக்கு மைக்ரோ சர்ஃபேசிங் என்ற மெல்லிய தார்ப் பூச்சைச் செய்தால் (ஆயுள் 6 ஆண்டு, செலவு பத்தில் ஒரு பங்கு எனக் கொண்டால்) வரவு 80. இரண்டிலும் பற்றாக்குறைதான், ஆனால் 60 எங்கே, 20 எங்கே!

இது பலிக்க, எந்தத் தெரு எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். 0 (மிக மோசம்) முதல் 100 (மிக நல்லது) வரையிலான பிசிஐ என்ற தள நிலை மதிப்பெண் இதற்குத்தான். பொதுவாக 70க்கு மேல் இருந்தால் காப்பு வேலை, 40க்குக் கீழே போனால் மறுகட்டுமானம். நடுவில் உள்ளதற்கு மில்லிங்கும் (மேல் தாரைச் சுரண்டி எடுப்பது) ஓவர்லேயும் (அதன்மேல் புதுத் தார்த்தளம் போடுவது). நகரத்தின் சராசரியை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது: பாதித் தெரு 95, பாதி 35 என்றாலும் சராசரி 65 என்று நிதானமாகத்தான் தெரியும்.

காப்பு வேலையில் மிக மலிவானது விரிசல் அடைப்பு. 3 முதல் 20 மில்லிமீட்டர் அகல விரிசலைச் சூடான அழுத்தக் காற்றால் ஊதி, ஈரம் போன பிறகு, ஏறக்குறைய 190 டிகிரியில் ரப்பர் கலந்த சீலன்ட்டை (அடைப்புப் பசை) ஊற்ற வேண்டும். அதிகம் காய்ச்சினால் ரப்பர் கெடும். சூடு குறைந்தால் விளிம்பில் ஒட்டாது. முதலைத் தோல் போன்ற விரிசலில் இதைச் செய்வது வீண், ஏனென்றால் அங்கே கீழ்த்தளமே அசைகிறது. மைக்ரோ சர்ஃபேசிங்கும் அப்படியே: 6 மில்லிமீட்டர் படலம் நீரைத் தடுக்கும், வழுக்கலைக் குறைக்கும், பாரம் தாங்காது. நிழல் விழும் தெருவில் அதிலுள்ள எமல்ஷன் (நீரில் கலந்த தார்) மெதுவாக இறுகும். அவசரப்பட்டுத் திறந்தால் வண்டிகள் திரும்பும் இடத்தில் பெயரும்.

ஓவர்லே கனமான செலவு. 7 மீட்டர் அகலம், 1 கிலோமீட்டர், 40 மில்லிமீட்டர் என்றால் 280 கன மீட்டர், ஏறக்குறைய 670 டன் கலவை. அதே தெருவின் மைக்ரோ சர்ஃபேசிங்குக்குச் சுமார் 70 டன் போதும். சுரண்டாமல் மேலே மேலே போட்டால் கெர்ப் (தெரு ஓரக் கல்) புதையும், மேன்ஹோல் பள்ளமாகும், மழைநீர் வாசலுக்குள் வரும். ஆனால் மில்லிங்குக்கு முன் கோர் (துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு) எடுத்துத் தார்த்தளத்தின் தடிமனைப் பார்ப்பது கட்டாயம். 50 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, அதில் 40ஐச் சுரண்டினால், மிஞ்சும் 10 மில்லிமீட்டர் ஓடு ஓடாகப் பெயரும். புதுத் தளமும் கூடவே வரும். புதுத் தளத்தை ஒட்டவைக்கத் தெளிக்கும் டாக் கோட் பழுப்பிலிருந்து கறுப்பாக மாறும் முன் பேவரை (கலவை பரப்பும் எந்திரம்) ஏற்றுவதும் இதே வம்பு.

பணம் எங்கிருந்து? ஆண்டு வருவாயா, கடனா? 20 ஆண்டுக் கடன் பத்திரத்தில் மைக்ரோ சர்ஃபேசிங் செய்தால், தளம் தேய்ந்துபோன பிறகும் 14 ஆண்டு தவணை ஓடும். கடன் மறுகட்டுமானத்துக்கு மட்டும் சரி. அதிலும் எல்லாத் தெருவையும் இரண்டே ஆண்டில் போட்டால், எல்லாமே ஒரே நேரத்தில் காப்பு வேலை கேட்டு வரிசையில் நிற்கும். பிரித்துப் போடுவது நல்லது. காப்பு வேலைக்கு வேண்டியது, வேறெதற்கும் திருப்ப முடியாத நிலையான ஆண்டு ஒதுக்கீடு. எரிபொருள் வரியை மட்டும் நம்பினால் மின்வாகனம் பெருகப் பெருக அது சுருங்கும். ஆனால் கனரக வண்டிகளின் அச்சுப் பாரம் சுருங்காது.

குழாய், கேபிள் வேலைகளின் திட்டத்தைத் தார் போடுவதற்கு முன்பே வாங்கிவிட வேண்டும். போட்ட தெருவை அவசரக் கசிவு தவிர வேறெதற்கும் சில ஆண்டு வெட்ட விடக் கூடாது. வெட்டியே ஆக வேண்டுமென்றால், பள்ளத்தை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக இறுக்கி, இருபுறமும் தளத்தைக் கூடுதலாக ஓரடி நேராக அறுத்து மூடும் செலவும், குறையும் ஆயுளுக்கான கட்டணமும் வெட்டியவர் கணக்கில்தான்.