ராமேசுவரத்தில் தீர்த்தமாடும்போது கார் சாவி எங்கே?

ராமேசுவரத்துக்குக் காரில் போனவர்களுக்கு இந்தத் திண்டாட்டம் தெரியும். முதலில் அக்னி தீர்த்தத்தில் கடல் குளியல். அப்புறம் அதே ஈரத் துணியோடு கோயிலுக்குள் போய், 22 தீர்த்தங்களிலும் தலையில் வாளி வாளியாகத் தண்ணீர். உடம்பில் காய்ந்த இடம் என்று ஒன்று இருக்காது. 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்ட பிறகு கோயில்களுக்குள் செல்போனும் கொண்டுபோகக் கூடாது. கார் சாவி, போன், பணப்பை, மனைவியின் நகை எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

இரண்டு வருடத்துக்கு முன் என் மச்சான், பட்டன் ஸ்டார்ட் காரின் சாவியைக் கால்சட்டையின் ஜிப் பையில் போட்டுக்கொண்டு கடலில் இறங்கினார். 22 தீர்த்தமும் முடித்து வந்தால் சாவிக்கு உயிரில்லை. அதற்குள் செருகியிருக்கும் இரும்புச் சாவியை உருவிக் கதவைத் திறந்தோம். ஆனால் எஞ்சின் கிளம்பவில்லை. திருச்சி வீட்டிலிருந்த இன்னொரு சாவியை யாரோ ஒரு புண்ணியவான் பஸ்ஸில் கொண்டுவந்து சேர்க்கும்வரை, வயதான அத்தையோடு ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்க வேண்டியதாயிற்று. அதன்பிறகு ஒவ்வொரு வழியாகச் செய்து பார்த்துவிட்டேன். அவற்றைத்தான் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிறேன்.

எல்லோரும் முதலில் வாங்குவது, சாவியை உள்ளே போட்டு ஒட்டிவைக்கும் காந்தப் பெட்டி. மலிவு, காரின் அடியில் ஒட்டினால் வேலை முடிந்தது. ஆனால் பம்பர் பிளாஸ்டிக். அடிப்பாகத்திலும் பல இடங்களில் இப்போது பிளாஸ்டிக் தகடு. இரும்பு தெரியும் இடத்திலும் துரு பிடிக்காமல் இருக்கத் தடிமனாகக் கோட்டிங் அடித்திருப்பார்கள். காந்தத்தின் பிடி பாதியாகிவிடும். நாலு வேகத்தடை தாண்டினால் பெட்டி எங்கே விழும் என்று சொல்ல முடியாது. சைலன்சர் பக்கம் வைத்தாலும் ஆபத்து: சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலுவிழக்கும். எல்லாவற்றுக்கும் மேல், சாவி தேடும் திருடன் முதலில் கை விடுவது சக்கரத்தின் மேல் வளைவிலும் பம்பரின் உள்பக்கத்திலும்தான். நாம் ஒட்டுவதும் அங்கேதான்.

பட்டன் ஸ்டார்ட் சாவியை இந்தப் பெட்டியில் வைப்பது இன்னும் மோசம். கதவுக் கைப்பிடியைத் தொட்டதும் கார் 125 கிலோஹெர்ட்ஸில் ஒரு சிக்னல் விடும். சுமார் ஒரு மீட்டருக்குள் சாவி இருந்தால் அது பதில் சொல்லும், கதவு திறந்துவிடும். சாவி நம் கையில் இருக்கிறதா, காரின் அடியில் இருக்கிறதா என்பது காருக்குத் தெரியாது. அலுமினியத் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, கதவு திறக்கிறதா என்று சோதித்த பிறகே வைக்க வேண்டும்.

நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் தட்டைச் சாவியைச் செருகி ஸ்குரூ போடுவது பழைய டிரைவர்களின் வழக்கம். காந்தத்தைவிட அது எவ்வளவோ நல்ல யோசனை. ஆனால் 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் கட்டாயமாகிவிட்டது. அதன் பூட்டை ஒருமுறை உடைத்தால் திரும்பப் போட முடியாது. பழைய பிளேட் உள்ள வண்டிக்கு மட்டுமே அந்த வழி.

நம்பர் வைத்துத் திறக்கும் சின்னப் பூட்டுப் பெட்டிகளும் கிடைக்கின்றன. கடலில் அலைச்சறுக்கு விளையாடுகிறவர்கள் பயன்படுத்துவது. அலாய் சக்கரத்தின் கம்பியில் மாட்டலாம். உறுதியானதுதான். ஆனால் 'உள்ளே சாவி இருக்கிறது' என்று ஊருக்கே சொல்கிறது, எடுக்க மறந்து வண்டியைக் கிளப்பினால் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். எனக்குப் பிடிக்கவில்லை.

போன் ஆப்பில் கதவைத் திறக்கும் வசதி இந்த இடத்தில் உதவாது. போனைக் கையில் வைத்துக்கொள்ளத்தான் முடியாதே.

நான் கடைசியாக வந்து சேர்ந்தது வேறு வழி: கதவைத் திறக்கும் சாவியையும் எஞ்சினைக் கிளப்பும் சாவியையும் பிரித்துவிடுவது. இன்றைய கார்ச் சாவிகளில் பெரும்பாலும் சிப் இருக்கிறது. அது இல்லாமல் எஞ்சின் ஓடாது. ஆனால் கதவுக்கு வெட்டிய இரும்பு போதும். சாதாரணச் சாவி உள்ள வண்டிக்கு, சாவிக்காரரிடம் சிப் இல்லாத தட்டைச் சாவி ஒன்று வெட்டிக்கொள்ளலாம், செலவு பெரிதில்லை. பட்டன் ஸ்டார்ட் வண்டிக்கு அதுகூட வேண்டாம், உள்ளே செருகியிருக்கும் இரும்புச் சாவியே அதுதான். நான் அதை அரைஞாண் கயிற்றில் ஊக்கு போட்டு மாட்டிக்கொள்கிறேன். என் மனைவி தாலிக்கொடியில் கோத்துக்கொள்வாள். கடலோ கிணறோ, ஒரு குளியலில் இரும்புச் சாவி கெட்டுப்போகாது. தொலைந்தாலும், யாராவது எடுத்தாலும், அதைக் கொண்டு வண்டியை ஓட்டிப் போக முடியாது.

சிப் உள்ள சாவி? நனையாமல் கரையில் உட்கார ஒரு ஆள் இருந்தால் அவர் மடியில். இல்லையென்றால் தங்கியிருக்கும் லாட்ஜ் அறையில். இரண்டும் இல்லாதபோதுதான் காருக்குள். அப்போது பட்டன் ஸ்டார்ட் சாவியின் பேட்டரியைக் கழற்றிவிட வேண்டும். பெரும்பாலும் சிஆர்2032 வட்ட பேட்டரிதான். கழற்றினால் கார் கூப்பிட்டாலும் சாவி பதில் சொல்லாது. திரும்பி வந்து பேட்டரியைப் போட்டால் போதும். இதில் ஒரு குறையை மறைக்கக் கூடாது: கார் திருட்டுப் போனால் காப்பீட்டு நிறுவனம் எல்லாச் சாவிகளையும் கேட்கும். ஒன்று காருக்குள் இருந்தது என்றால், கவனக்குறைவு என்று சொல்லி இழப்பீட்டில் கை வைக்க இடமுண்டு. அதனால் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.

காரின் அடியில் நிரந்தரமாக ஒரு உபரிச் சாவி வேண்டும் என்பவர்களுக்கும் சிப் இல்லாத தட்டைச் சாவிதான் சரி. சைக்கிள் டியூப் துண்டுக்குள் போட்டு, சேஸிஸில் இருக்கும் ஒரு துளையில் கேபிள் டையால் இறுக்கிக் கட்டுங்கள். தரையில் படுத்துக் கை நீட்டினால்தான் எட்ட வேண்டும். ஆடாது, சத்தம் போடாது, உப்புக் காற்றிலும் சீக்கிரம் துருப் பிடிக்காது.

இனி மற்றப் பொருள்கள். டேஷ்போர்டு பெட்டி வேண்டாம். கண்ணாடியை உடைத்தவன் முதலில் திறப்பது அதைத்தான். டிக்கி பாதுகாப்பு என்று நம்புகிறோம். ஆனால் நம்மூர் செடான்கள் பலவற்றில் டிக்கி திறக்கும் நெம்புகோல் டிரைவர் சீட்டுக்குக் கீழேயே இருக்கிறது. கண்ணாடி உடைந்தால் டிக்கியும் திறந்த மாதிரிதான். ஹேட்ச்பேக்கில் பின்சீட்டை மடக்கினால் கை எட்டிவிடும். ஸ்டெப்னி குழி கொஞ்சம் தேவலாம், மேலே இருக்கும் சாமான்களை இறக்கிவிட்டுத் தேட அவனுக்கு நேரம் வேண்டும். எஃகுக் கம்பியோடு வரும் சின்ன இரும்புப் பெட்டியை முன்சீட்டின் அடியிலுள்ள தண்டவாளத்தில் கட்டிப் பூட்டுவதுதான் இவற்றில் உறுதி. பணம், மோதிரம், வளையல் அளவுக்கு அது போதும்.

எங்கே வைக்கிறோம் என்பதைவிட எப்போது வைக்கிறோம் என்பது முக்கியம். பார்க்கிங்கில் நிறுத்தி, எல்லோரும் பார்க்க டிக்கியைத் திறந்து பையை வைத்துவிட்டுப் போவதுதான் பெரும்பாலோர் செய்வது. பாம்பன் பாலம் வருவதற்கு முன்பே, டீ குடிக்க நிறுத்தும் இடத்தில் வைத்து முடித்துவிடுங்கள். சாதாரண வாகனக் காப்பீடு காருக்குள் இருந்த சொந்தப் பொருள்களுக்குப் பணம் தராது. அதற்குத் தனியாகச் சேர்க்கை எடுத்திருக்க வேண்டும். ஆர்சியும் லைசென்ஸும் அசலாக வண்டியில் இருக்க வேண்டிய அவசியமும் இல்லை, டிஜிலாக்கரில் இருந்தால் 2018-இலிருந்து செல்லும்.

போனை மட்டும் காரில் விடாதீர்கள். அணைத்து வைத்தாலும் 45 டிகிரிக்கு மேல் கூடாது என்பது ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வரம்பு. சித்திரை வெயிலில் மூடி நிறுத்திய கார் அதைச் சீக்கிரமே தாண்டிவிடும். கோயில் வாசலில் டோக்கன் கொடுத்து வாங்கி வைக்கும் இடமே மேல்.

கிளம்புவதற்கு முன் வீட்டு வாசலில் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். இரும்புச் சாவியால் பூட்டினால் நாலு கதவும் பூட்டுகிறதா, திறக்கும்போது அலாரம் அலறுகிறதா, பேட்டரி இல்லாத சாவியை ஸ்டார்ட் பட்டனுக்குப் பக்கத்தில் பிடித்தால் எஞ்சின் எடுக்கிறதா. வண்டிக்கு வண்டி இது மாறும். சில கார்களில் சாவித் துளையே கைப்பிடியின் மூடிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். மச்சான் காரில் அன்று இருட்டில் அதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்கு அரை மணி நேரம் ஆனது.