கூண்டு, குஞ்சு, ஊசி எல்லாம் ஒரே செட் என்று வந்தால் கவனம்

ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம், பெரியபட்டினம் பக்கத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றிக்கொண்டிருக்கிறது. பளபளவென்று ஓர் இரும்புக் கூண்டு. அதற்குள் கருப்பு, செவலை, கீரி, பூதி என்று கலந்துகட்டி நாட்டுக்கோழிகள். பின்னால் ஒரு குரல்: கூண்டு, ஒரு மாதக் குஞ்சு, தடுப்பூசி, தீவனம் எல்லாம் ஒரே விலையில் வீட்டுக்கே வரும், வளர்ந்த கோழியை நாங்களே நல்ல விலைக்குத் திருப்பி எடுத்துக்கொள்வோம். இதை நம்பி நாங்கள் 21,500 ரூபாய் கொடுத்தோம். கூண்டுக்கு 14,500, முப்பது குஞ்சுக்கு 4,500, மிச்சம் தீவனத்துக்கும் ஊசிக்கும். சொன்னதில் ஒன்றுகூட உண்மை இல்லை.

விற்றவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. நுகர்வோர் ஆணையத்தில் மனு நடக்கிறது. அதோடு, பெயரைப் போட்டால் அடுத்த வாரமே வேறு பெயரில் வந்து நிற்பார். அவர் வேலை செய்கிற விதத்தைத் தெரிந்துகொண்டால் எந்தப் பெயரில் வந்தாலும் பிடித்துவிடலாம்.

எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் கடலுக்குப் போக முடியாது. அரசு நிவாரணம் 8,000 ரூபாய் வரும். அதை வைத்து இரண்டு மாதம் ஓட்டுவது எப்படி என்று கரையில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அத்தை எப்போதும் நாலைந்து கோழி வைத்திருப்பார். அடை வைத்து, பொரித்த குஞ்சைப் பஞ்சாரத்துக்குள் கவிழ்த்து வளர்ப்பார். அதையே கொஞ்சம் பெரிதாகச் செய்து முட்டை விற்கலாம் என்று நினைத்தோம். இந்த வீடியோ சரியாகப் பங்குனி மாதம் வந்தது. இப்போது யோசித்தால், கரையூர்களில் அந்த மாதம் எல்லார் மனதிலும் என்ன ஓடும் என்று அந்த ஆளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

குஞ்சுகள் ராத்திரி பத்து மணிக்கு மேல் வந்தன. "இருட்டில்தான்க்கா ஏத்தி இறக்கணும், பகல்ல கொண்டாந்தா மிரண்டு செத்துப்போகும்" என்றார் வண்டியோடு வந்த பையன். கோழி வளர்ப்பவர்கள் இதை மறுக்க மாட்டார்கள், இருட்டில் கோழி அடங்கிக் கிடக்கும், பிடிப்பதும் சுலபம். ஆனால் இருட்டில் வாங்குகிறவருக்கும் கண் தெரியாது. அட்டைப்பெட்டியின் மேல் வரிசையில் நாலைந்து கலர் குஞ்சு. டார்ச் அடித்துப் பார்த்தபோது கண்ணில் பட்டது அவைதான். பாதிப் பணத்தை முன்பே போனில் அனுப்பியிருந்தோம், மீதியைக் கையில்தான் தரவேண்டும் என்றார். தந்தோம்.

காலையில் கதவைத் திறந்த அத்தை கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம், "ஏத்தா, இது என்ன எல்லாம் ஒரே அச்சா இருக்கு?" என்றார். மேலே இருந்த அந்த நாலைந்தைத் தவிர மற்றதெல்லாம் வெளிறிய மஞ்சளும் வெள்ளையும். ஒரே உயரம், ஒரே மஞ்சள் கால், ஒரே மாதிரி ஒற்றைக் கொண்டை. போன் போட்டேன். "இறகு மாறும்போது கலர் வரும்க்கா, டென்ஷன் ஆகாதீங்க" என்று பதில்.

கலர் வரவில்லை. வரவும் வராது. முட்டைப் பண்ணைகளுக்குக் குஞ்சு பொரிக்கும் இடங்களில் பெட்டைக் குஞ்சுக்குத்தான் விலை. முட்டையும் இடாமல், கறிக்கோழி போல வேகமாக எடையும் ஏறாமல் இருக்கிற சேவல் குஞ்சு அவர்களுக்குக் கழிவு. அதனால் பொரித்த அன்றே பிரித்து எடுத்துவிடுவார்கள். பழுப்பு முட்டையிடும் ரகத்தில் பிரிப்பது இன்னும் சுலபம்: பெட்டை பழுப்பாகவும் சேவல் வெளிர் மஞ்சளாகவும் பொரிக்கும். திருவிழாக் கடையில் பச்சை, ரோஸ் சாயம் ஏற்றிக் கூவிக் கூவி விற்கிறார்களே, அவையும் பெரும்பாலும் இந்தச் சேவல் குஞ்சுகள்தான். அடிமாட்டு விலைக்கு அள்ளிக்கொண்டு வந்து ஒரு மாதம் வளர்த்து, 150 ரூபாய்க்கு நாட்டுக்கோழி என்று எங்களிடம் தள்ளியிருக்கிறார்.

முட்டை வியாபாரத்துக்கு என்று வாங்கிய குஞ்சு அத்தனையும் சேவல்!

நாட்டுக்கோழிக் கூட்டம் என்றால் ஒன்றைப் போல ஒன்று இருக்காது. நிறம் மாறும், காலின் நிறம் மாறும், ஒன்றுக்கு நிமிர்ந்த கொண்டை, இன்னொன்றுக்குத் தலையோடு ஒட்டிய சின்னக் கொண்டை. காது மடலையும் பாருங்கள். லெகார்ன் என்ற வெளிநாட்டு ரகத்தின் வழி வந்த முட்டைக்கோழிக்கு வளர வளரக் காது மடல் வெள்ளையாகத் தெரியும், பெருவிடை என்கிற பெரிய நாட்டுக்கோழிக்குச் சிவப்பாக இருக்கும். பகலில் போய்த் தாய்க்கோழிகளைப் பார்க்காமல் குஞ்சு வாங்காதீர்கள். "பண்ணைக்கு வெளியாட்களை விடுவதில்லை, நோய் பரவும்" என்பார்கள். நோய் பரவும் என்பது நிஜம்தான். வேலிக்கு வெளியே நின்று பார்க்கக் கேளுங்கள், அதற்கும் சாக்கு சொன்னால் திரும்பிவிடுங்கள்.

அடுத்தது ஊசி. குஞ்சோடு ஒரு அட்டையும் வந்தது. எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது என்று டிக் அடித்து முத்திரை குத்தியிருந்தது. கொஞ்ச நாளில் ஒரு குஞ்சு ஓரமாகத் தூங்கி வழிந்தது, றெக்கை தொங்கியது. பிறகு பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், ஒன்றிரண்டுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. அத்தை பார்த்ததுமே வெள்ளைக்கழிச்சல் என்று சொல்லிவிட்டார். முப்பதில் பத்தொன்பது போய்விட்டது. அத்தையின் பழைய கோழிகளில் இரண்டும் அதோடு சேர்ந்து போனது, அதுதான் அவருக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

செத்த குஞ்சில் ஒன்றைக் கவரில் கட்டிக் கால்நடை மருந்தகத்துக்கு எடுத்துப் போனோம். டாக்டர் அறுத்துக் காட்டினார். இரைப்பையின் உள்பக்கம் ஊசி முனையால் குத்தியது போல ரத்தப் புள்ளிகள். ராணிக்கெட் என்றார், அத்தை சொன்ன வெள்ளைக்கழிச்சல்தான், மருந்து கிடையாது, தடுப்பூசி மட்டும்தான். அட்டையை வாங்கிப் பார்த்தவர் ஒரு வரியில் விரல் வைத்தார். ஒரு மாதக் குஞ்சுக்கு ஆர்2பி என்ற கழிச்சல் தடுப்பூசி போட்டதாக எழுதியிருந்தது. முறைப்படி முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து, நாலாவது வார வாக்கில் குடிதண்ணீரில் லசோட்டா என்ற தடுப்பு மருந்து, எட்டு வாரம் ஆன பிறகுதான் றெக்கைத் தோலுக்கடியில் ஆர்2பி. வீரியம் கூடிய ஊசி அது, சின்னக் குஞ்சு தாங்காது. மருந்தின் பேட்ச் எண் எழுதவேண்டிய கட்டம் எல்லா வரியிலும் காலி. அட்டை என்று ஒன்றை யாராவது நீட்டினால் இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

இதைச் சொல்லி அந்த ஆளைக் கேட்டதற்கு என்ன சொன்னார் தெரியுமா? "உங்க ஊர் உப்புத் தண்ணிக்கா. கடக்கரைத் தண்ணி குஞ்சுக்கு ஆகாது." எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புதான், யார் இல்லையென்றது? உப்பு கூடினால் கோழிக்கு எச்சம் நீராகப் போகும், கருவாட்டுத் தலையை அதிகம் போட்டாலும் ஆபத்து, இதெல்லாம் அத்தைக்குத் தெரியும். உப்புத் தண்ணீர் குடித்தால் இரைப்பையில் ரத்தப் புள்ளி வருமா? அத்தை இந்தத் தண்ணீரில்தான் கல்யாணமாகி வந்த நாள் முதல் கோழி வளர்க்கிறார். அதற்குப் பிறகு அந்த எண் அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார்.

கூண்டைச் சொல்கிறேன். பில்லில் ஜிஐ என்று எழுதிக் கொடுத்தார். ஜிஐ என்றால் இரும்பின் மேல் துத்தநாகம் ஏற்றியது. எங்களுக்கு வந்தது வெறும் இரும்பு, மேலே சில்வர் பெயிண்ட். வலை மட்டும் பேருக்குத் துத்தநாகம் காட்டியது. தெற்கேயிருந்து அடிக்கிற சோழகக் காற்று தொடங்கியதும் வெல்டிங் வைத்த இடத்திலெல்லாம் செம்பழுப்பாகக் கசிந்தது. கடல் காற்றில் உப்பு, கீழே கோழி எச்சத்தின் காரம், இரண்டுக்கும் நடுவில் பெயிண்ட் எத்தனை நாள் நிற்கும்? மழைக்காலம் வருவதற்குள் அடித்தட்டு வலை அப்பளமாக நொறுங்கியது. ஒரு ராத்திரி அந்த ஓட்டை வழியாக மரநாயோ பூனையோ புகுந்து மூன்று சேவலைத் தூக்கிப் போனது.

காந்தம் வைத்துப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். தெரியாது. ஜிஐ-யின் உள்ளே இருப்பதும் இரும்புதான், காந்தம் இரண்டிலும் ஒட்டும். குழாயின் வெட்டிய முனைக்குள் விரலை விடுங்கள். முக்கி எடுத்த ஜிஐ என்றால் உள்பக்கமும் சாம்பல் நிறமாகத் துத்தநாகம் இருக்கும். பெயிண்ட் அடித்தது என்றால் வெளியே வெள்ளி, உள்ளே கருப்பு அல்லது துரு. சாவியால் கீறினால் பெயிண்ட் உரிந்து வரும். நல்ல ஜிஐ குழாயையே வெல்டிங் வைத்தாலும் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும், அங்கே ஜிங்க் பிரைமர் அடித்திருக்கிறதா என்று கேளுங்கள். உள்நாட்டில் இதெல்லாம் பெரிய விஷயமாக இருக்காது. நம் கரையில் இது இல்லாவிட்டால் கூண்டே இல்லை.

திருப்பி வாங்குவது பற்றி எழுத ஒன்றுமில்லை, யாரும் வரவில்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் எத்தனை பேர் பணத்தை விட்டார்கள் என்று தமிழ்நாடே பார்த்தது. அதிலும் இதே வாக்குறுதிதான். "மானியமும் வாங்கித் தருகிறோம், ஆதார் நகல் கொடுங்கள்" என்றும் கேட்டார்கள், நல்லவேளை கொடுக்கவில்லை. கோழிக்கான அரசுத் திட்டம் எதையும் ஊர்க் கால்நடை மருந்தகத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம், நடுவில் ஆள் தேவையில்லை. கழிச்சல் தடுப்பூசி முகாமும் வழக்கமாக பிப்ரவரியில் இலவசமாகவே நடக்கிறது.

இப்போதிருக்கும் கூடு நாங்களே கட்டியது. பக்கத்தில் வல்லம் என்கிற நாட்டுப்படகு கட்டும் தச்சர், ஓடாவி மாமா வந்து அளவு சொன்னார். நாலு காலுக்கும் வைரம் பாய்ந்த பனை, அடியில் கல் வைத்துத் தரையிலிருந்து இரண்டடி உயரம். தரைக்குப் பனஞ்சட்டத்தை விரல் நுழையும் இடைவெளி விட்டு அடித்ததால் எச்சம் கீழே விழுந்துவிடுகிறது, வாரிக் கொட்டினால் தென்னைக்கு உரம். பக்கங்களில் முதலில் பழைய மீன்வலையைக் கட்டலாம் என்றார் வீட்டுக்காரர். மாமா விடவில்லை: "வல பருந்துக்கும் காக்காய்க்கும் சரி மாப்ள, எலி ஒரே ராத்திரில கடிச்சிரும்." அதனால் பக்கத்துக்குப் பிளாஸ்டிக் பூசிய கம்பி வலை, மேலே தென்னங்கீற்று, கீற்றை வாடைக்காற்று தூக்காமலிருக்க அதன்மேல் பழைய வலையை இழுத்துக் கட்டியிருக்கிறோம். ஆணி மட்டும் படகுக்கு அடிக்கிற ஆணி, அதில் மாமா பேரமே பேச விடவில்லை. நீளவாட்டம் கிழக்கு மேற்கு, அப்போதுதான் வெயில் நேராக உள்ளே விழாது. ஐப்பசி மழைக்கு வடகிழக்குப் பக்கம் தார்ப்பாய் இறக்கிக்கொள்ளலாம். பெரிய கோழி ஒன்றுக்கு இரண்டு சதுர அடி கணக்கு, குறுக்கே அடைவதற்கு இரண்டு கம்பு. இரும்புக் கூண்டுக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. பனை எங்கள் கொல்லையில் விழுந்தது என்பதால் மரத்துக்குச் செலவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

குஞ்சு இந்தத் தடவை எங்கும் வாங்கவில்லை. அத்தையிடம் மிஞ்சிய பெட்டைகளையே அடை வைத்தோம். 21 நாள் பொறுமை இருந்தால் போதும்.

பணத்துக்கு வருகிறேன். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தோம், விற்றவர் பதில் தரவில்லை. பிறகு ராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு. விற்றவர் வேறு மாவட்டம் என்றாலும், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. "வியாபாரத்துக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று மிரட்டுவார்கள், எங்களுக்கும் அப்படி ஒரு மெசேஜ் வந்தது. பிழைப்புக்காகச் சுயதொழில் செய்ய வாங்கினால் அது வணிகக் கணக்கில் சேராது என்று அதே சட்டத்தில் இருக்கிறது.

போனில் அனுப்பிய பாதிப் பணத்துக்கு ஆதாரம் இருக்கிறது. இருட்டில் கையில் கொடுத்ததற்கு இல்லை, பில்லில் மொத்தத் தொகை எழுதியிருப்பதை வைத்துத்தான் வாதாடுகிறோம். இதே ஆளிடம் வாங்கிய வேறு குடும்பங்கள் தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் இருப்பதாகக் கேள்விப்படுகிறேன். புகாருக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் மனுப் போட்டுவிடவேண்டும். பில், ஊசி அட்டை, வாட்ஸ்அப் வீடியோ எதையும் அழிக்காதீர்கள். துருப்பிடித்த கூண்டை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், எங்கள் கூண்டு இன்னும் கொல்லையில் ஆணையத்துக்குக் காட்டத்தான் கிடக்கிறது.