மைக்ரோசர்வரின் எஸ்எம்பிஎஸ் போனால்: பழைய ஒரிஜினலா, புது ஃப்ளெக்ஸா, பிக்கோவா?

எச்பி புரோலையன்ட் மைக்ரோசர்வர், அதாவது 2010-இல் தொடங்கி என்36எல், என்40எல், என்54எல் என்று அடுத்தடுத்து வந்த அந்தக் குட்டிக் கறுப்புப் பெட்டி, இன்னும் எத்தனையோ வீடுகளிலும் சின்ன ஆபீஸ்களிலும் ஃபைல் சர்வராக ஓடிக்கொண்டிருக்கிறது. நாலு 3.5 அங்குல டிஸ்க் போடலாம், ஈசிசி மெமரி (சின்னப் பிழைகளைத் தானே திருத்திக்கொள்ளும் மெமரி) போடலாம். முன்கதவைத் திறந்தால் உள்பக்கத்திலேயே டார்க்ஸ் சாவியும் (நட்சத்திர வடிவத் திருகுக்கானது) உபரித் திருகுகளும் மாட்டியிருக்கும். இவ்வளவு யோசித்துச் செய்த பெட்டியைத் தூக்கிப் போட யாருக்கும் மனசு வராது. ஆனால் இந்த வயதில் அதன் எஸ்எம்பிஎஸ் (மின்சாரத்தைப் பெட்டிக்கு ஏற்ப மாற்றித் தரும் பவர் சப்ளை, பெரும்பாலும் 150 வாட்) கைவிட்டால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

மாற்றுவதற்கு முன் நிஜமாகவே போயிருப்பது அதுதானா என்று பார்த்துவிடுங்கள். மின்சாரம் கொடுத்து, பெட்டியை ஆன் செய்யாமல், 24 பின் கனெக்டரின் 9-ஆம் பின்னில் மல்டிமீட்டரை வைத்தால் 5 வோல்ட் காட்ட வேண்டும். இது ஸ்டேண்ட்பை வோல்டேஜ். இது இல்லையென்றால் பவர் பட்டனை எத்தனை தடவை அமுக்கினாலும் பயனில்லை. இருந்தால், கனெக்டரை மதர்போர்டிலிருந்து கழற்றி, 16-ஆம் பின்னையும் ஏதாவது ஒரு கிரவுண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஃபேன் சுற்ற வேண்டும். சில சப்ளைகள் சுமை இல்லாமல் கிளம்பாது. தேவையில்லாத பழைய டிஸ்க் ஒன்றை மாட்டிக்கொள்வது நல்லது. வயர் நிறத்தை நம்பாதீர்கள், பின்னை எண்ணுங்கள். பிராண்டட் பெட்டிகளில் நிறம் மாறலாம்.

முழுசாகச் செத்த சப்ளையைவிட அரைகுறையாகச் செத்ததுதான் ஆபத்து. ரெண்டு டிஸ்க்கோடு கிளம்புகிறது, நாலு போட்டால் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் 12 வோல்ட் லைன் தாங்கவில்லை என்று சந்தேகப்படலாம். அந்த நிலையில் தொடர்ந்து ஓட்டினால் டிஸ்க் பாதி எழுதும்போது கரண்ட் விழும்.

இப்போது கணக்குக்கு வருவோம், ஏனென்றால் எதை வாங்குவது என்பதை முடிவு செய்வதே இதுதான். பிராசஸர் ஒன்றும் பெரிய தீனிக்காரன் இல்லை: என்36எல்லில் 12 வாட், என்40எல்லில் 15, என்54எல்லில் 25. டிஸ்க்தான் விஷயம். சுற்றிக்கொண்டிருக்கும் 3.5 அங்குல டிஸ்க் சும்மா இருக்கும்போது 5 வாட் போல எடுக்கும். ஆனால் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் அந்தச் சில விநாடிகள் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நாலும் ஒரே நேரத்தில் கிளம்பினால் 8 ஆம்பியர், 96 வாட். அதோடு பிராசஸர், மெமரி, ஃபேன் எல்லாம் சேர்த்தால் 150 வாட்டை நெருங்கிவிடும். கிளம்பிய பிறகு மொத்தப் பெட்டியும் 50 வாட் பக்கம்தான் நிற்கும். ஆக நமக்கு வேண்டியது பெரிய வாட்டேஜ் இல்லை. ஆரம்ப விநாடிகளில் 12 வோல்ட்டில் தடுமாறாத சப்ளை.

முதலில் எல்லோர் மனசிலும் வருவது அதே பார்ட் நம்பரைத் தேடி ஒரிஜினலை வாங்குவது. அளவு கச்சிதமாகப் பொருந்தும், வயர் நீளம் சரியாக இருக்கும், ஒட்டு வேலை எதுவும் வேண்டாம். உண்மைதான். ஆனால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளிலோ ஆன்லைனிலோ கிடைப்பது பெரும்பாலும் இன்னொரு பெட்டியிலிருந்து கழற்றிய மால். சப்ளையில் முதலில் கெடுவது வோல்டேஜைச் சீராக்கும் கெப்பாசிட்டர்கள்தான். உங்களுடையது எந்த வருஷத்து கெப்பாசிட்டரோ, அதுவும் கிட்டத்தட்ட அந்த வருஷத்து கெப்பாசிட்டர்தான். பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் என்றாலும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் அலமாரியில் கிடந்தாலும் வயதாகும். சோதனைக்கு இரவல் கிடைத்தால் வாங்குங்கள். காசு கொடுத்து இதில் இறங்காதீர்கள் என்பேன்.

ரெண்டாவது, புது ஃப்ளெக்ஸ் ஏடிஎக்ஸ் சப்ளை. 81.5 மிமீ அகலம், 40.5 மிமீ உயரம், 150 மிமீ நீளம் என்று ஒரு அளவு. மைக்ரோசர்வரில் இருப்பதும் ஏறக்குறைய இந்த வகைதான். எஃப்எஸ்பி, சீசானிக், என்ஹான்ஸ் போன்றவர்கள் இந்த அளவில் செய்திருக்கிறார்கள். என் ஓட்டு இதற்குத்தான், ஆனால் மாட்டும்போது சில்லறைத் தொல்லைகள் உண்டு. சப்ளை பெட்டியின் மேல்பகுதியில் இருக்கிறது, மதர்போர்டோ டிஸ்க் கூண்டுக்குக் கீழே அடித்தட்டில். அதனால் பல ஃப்ளெக்ஸ் சப்ளைகளின் 24 பின் வயர் எட்டாது. எக்ஸ்டென்ஷன் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். திருகுத் துளைகளும் ஒத்து வராமல் போகலாம், சில மாடல்கள் நீளமும் கூட. பழையதைக் கழற்றி ஒரு தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, துளைகளைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போனால் அலைச்சல் மிச்சம்.

வாட்டேஜில் பேராசை வேண்டாம். 500 வாட் வாங்கிப் போட்டால் நமது 50 வாட் அதற்குப் பத்து சதவீத சுமைதான். 80 பிளஸ் கோல்டு போன்ற திறன் முத்திரைகள் 20, 50, 100 சதவீத சுமைகளில் அளந்து கொடுத்தவை. அதற்குக் கீழே திறன் இறங்கும். 200 அல்லது 250 வாட் போதும். 40 மிமீ ஃபேனின் கீச்சுச் சத்தம் படுக்கையறையில் தொல்லைதான். நாக்டுவாவின் 40x20 ஃபேனை மாற்றிப் போடுபவர்கள் உண்டு. ஆனால் அதற்கு சப்ளையைப் பிரிக்க வேண்டும், வாரண்டி போய்விடும், காற்றோட்டமும் குறையலாம். சர்வரை வேறு அறைக்கு மாற்றுவது சுலபம்.

இன்வெர்ட்டரில் ஓடுகிற வீடுகளுக்கு ஒரு வார்த்தை. புது சப்ளைகள் பலவற்றில் ஆக்டிவ் பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்க வைக்கும் சர்க்யூட்) இருக்கும். ஸ்குவேர் வேவ் இன்வெர்ட்டரோடு சில சப்ளைகள் ஒத்துப்போகாது. கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் நொடியில் பெட்டி அணைந்துவிடும். ப்யூர் சைன் வேவ் என்றால் கவலை குறைவு.

மூன்றாவது பிக்கோ பிஎஸ்யு. 24 பின் கனெக்டரில் அப்படியே செருகும் ஒரு சின்ன போர்டு, வெளியே லேப்டாப் சார்ஜர் மாதிரி ஒரு 12 வோல்ட் அடாப்டர். ஃபேன் கிடையாது, சத்தம் கிடையாது. எஸ்எஸ்டி மட்டும் போட்டிருப்பவருக்கோ ஒன்றிரண்டு டிஸ்க் வைத்திருப்பவருக்கோ இதைவிட அழகான வழி இல்லை. நாலு டிஸ்க் என்றால் யோசிக்க வேண்டும். 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும்தான் அந்தப் போர்டு தயாரிக்கிறது. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து நேராக டிஸ்க்குக்குப் போய்விடும். ஆக அடாப்டரின் தரம்தான் உங்கள் 12 வோல்ட்டின் தரம். 150 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய மலிவு அடாப்டர் 12.5 ஆம்பியர் தர வேண்டும். அந்த மெல்லிய உருளை ஜாக் சூடாவதைத் தொட்டுப் பார்த்தாலே தெரியும். சிலர் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்தே நேராக 12 வோல்ட் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். சார்ஜ் ஆகும்போது பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும், ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் லைனுக்கு மேல்வரம்பு 12.6. வேண்டவே வேண்டாம்.

கெப்பாசிட்டர் மாற்றிப் பிழைக்க வைக்கலாமா? வீங்கியவை ரெண்டு மூன்றுதான் என்றால், 105 டிகிரி லோ இஎஸ்ஆர் (உள்தடை குறைந்த) கெப்பாசிட்டர் போட்டு சால்டர் செய்யத் தெரிந்தவருக்கு இதுவே மலிவு. ஆனால் பிரைமரி பக்கத்து (வீட்டு மின்சாரம் நுழையும் பக்கம்) பெரிய கெப்பாசிட்டரில் 325 வோல்ட்டோ அதற்கு மேலோ டிசி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம். பழக்கமில்லாதவர் உள்ளே கை வைக்கக் கூடாது. சாதாரண ஏடிஎக்ஸ் சப்ளையைப் பெட்டிக்கு வெளியே வைத்து வயரை உள்ளே இழுப்பது, டேட்டாவை எடுக்கும் வரை ஒரு வார இறுதிக்குச் சரி.

எதை வாங்கினாலும், டிஸ்க்குக்கு மோலெக்ஸிலிருந்து (பழைய நாலு பின் பவர் கனெக்டர்) சாட்டாவுக்கு (இப்போதைய டிஸ்க் கனெக்டர்) மாற்றி தேவைப்பட்டால், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த கனெக்டர் உள்ளதை ஒதுக்குங்கள். உள்ளே வயர்கள் நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பது அந்த வகையில்தான் அதிகம். வயரைத் தனித்தனியாக அழுத்திப் பொருத்திய கனெக்டர் எதுவென்று பின்பக்கம் பார்த்தாலே தெரியும்.

புதியதை மாட்டியதும் டிஸ்க் எதையும் இணைக்காமல் பயாஸ் வரை போய்ப் பாருங்கள். அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்து, நாலும் கிளம்பும் நேரத்தில் ஒரு மோலெக்ஸில் மீட்டரை வைத்துக்கொள்ளுங்கள். 11.4-க்குக் கீழே இறங்கினால் அந்த சப்ளையை அன்றைக்கே கடைக்குத் திருப்பிவிடுங்கள். இறங்கவில்லையென்றால் ஸ்மார்ட் ரிப்போர்ட்டை (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே தரும் அறிக்கை) பார்த்துவிட்டு, இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம் வைத்திருந்தால் ராத்திரி ஒரு ஸ்க்ரப் (எழுதிய எல்லாவற்றையும் படித்துச் சரிபார்ப்பது) ஓட விடுங்கள். பழைய சப்ளை தடுமாறிய நாட்களில் எந்த ஃபைல் கெட்டது என்பது அதில் வெளிவரும்.