400 கல்லா, 400 சதுர அடியா: பூக்கல் பட்டறையில் மூன்று மாதம் ஓடிய ஏஐ ஏஜென்ட்

ஆத்தங்குடியில், தரையில் பதிக்கும் பூக்கல் செய்யும் எங்கள் குடும்பத்துப் பட்டறையில் ஆர்டர் பார்ப்பது நான். வாட்ஸ்அப்பில் வரும் விசாரணைக்குப் பதில் சொல்லவும் ஆர்டர் பதியவும் ஒரு ஏஐ ஏஜென்ட் சேவையை மூன்று மாதமாக வைத்திருக்கிறோம். நாமும் வாங்கலாமா என்று காரைக்குடியில் கடை வைத்திருக்கும் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது.

தமிழ் நன்றாகவே வருகிறது. "அண்ணே, பத்துக்குப் பத்து கருப்பு வெள்ளைக் கட்டம் இருக்கா" என்று இங்கிலீஷ் எழுத்தில் தட்டினாலும் புரிந்துகொள்கிறது. ராத்திரி 11 மணிக்கு சிங்கப்பூரிலிருந்து கேட்பவருக்கும் உடனே பதில் போகிறது. சந்தாவும் கட்டுபடியாகிறது.

குறை வேறு இடத்தில். ஏஜென்ட் தானாகப் போய் எதையும் பார்க்காது. இருப்புப் பார்க்க, ஆர்டர் பதிய, லாரி வாடகை போட என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டூல், அதாவது ஏஜென்ட் கூப்பிட்டு வேலை வாங்கும் சின்ன மென்பொருள். ஒவ்வொரு டூலுக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல். ஏஐயோடு டூல்களை இணைக்க, ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால் என்ற பொது முறை வழியாகத்தான் இந்தச் சேவையும் டூல்களை இணைக்கிறது. டூலுக்குள் என்ன நடக்கிறது என்பது ஏஜென்டை ஓட்டும் ஏஐ மாடலுக்குத் தெரியாது. பெயர், விளக்கம், பட்டியல் இந்த மூன்றையும் படித்துத்தான் எதை எப்போது கூப்பிடுவது என்று முடிவு செய்கிறது. அப்படி இருக்க, சேவை நிறுவனத்தார் அமைத்துக் கொடுத்த ஆர்டர் டூலின் விளக்கம் ஒரே வரி: "ஆர்டரைப் பதிவு செய்யும்." கொடுக்க வேண்டிய விவரம் "அளவு". எதன் அளவு?

இரண்டாவது வாரம், பள்ளத்தூரில் பழைய வீட்டைப் புதுப்பிக்கும் ஒருவர், வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி 400 சதுர அடிக்கு எட்டு அங்குலக் கல் கேட்டார். ஏஜென்ட் 400 கல் என்று பதிந்துவிட்டது. எட்டு அங்குலக் கல் 100 சதுர அடிக்கு 225 பிடிக்கும். 400 சதுர அடிக்கு 900. நாங்கள் ஏற்றி அனுப்பியது அதில் பாதிகூட இல்லை. கொத்தனார் இரண்டு பக்கம் பதித்ததும் கல் தீர்ந்துபோய்ப் போன் செய்தார். மீதியை ஊற்றிக் கொடுத்தால் சரியாகிவிடுகிற விஷயம் இல்லை இது. கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, கையால் சாயம் ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுக்கிற கல். சூளை கிடையாது. இந்த மாதம் ஊற்றிய சிவப்பும் அடுத்த மாதம் ஊற்றும் சிவப்பும் அச்சு அசலாகச் சேராது. அந்த வளவில் ஒரு பக்கம் இன்றைக்கும் கொஞ்சம் வெளிறித்தான் தெரிகிறது. அந்த வீட்டு ஆச்சி ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. எனக்குத்தான் மனசு ஆறவில்லை.

இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. எந்த டூலை என்ன விவரத்தோடு கூப்பிட்டது என்று வரிவரியாகக் காட்டும் பக்கம் ஒன்று. விளக்கத்தை நாமே திருத்தும் பெட்டி இன்னொன்று. அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து, "அளவு" என்றிருந்ததைக் "கல் எண்ணிக்கை" என்று மாற்றி, ஆர்டர் டூலின் விளக்கத்தைத் திருத்தினேன். கல்லாவில் புதிதாக உட்காரும் பையனுக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பேனோ, அப்படியே தமிழில் எழுதினேன்:

"வாடிக்கையாளர் விலைக்கு ஒப்புக்கொண்ட பிறகு மட்டும் இதைக் கூப்பிடவும். விலையோ இருப்போ கேட்பவருக்கு இது வேண்டாம். கல் எண்ணிக்கை என்ற இடத்தில் எத்தனை கல் என்பதைத் தரவும், சதுர அடியை அல்ல. சதுர அடியில் கேட்டால் முதலில் கல் கணக்கு டூலைக் கூப்பிட்டு, வந்த எண்ணை வாடிக்கையாளரிடம் சொல்லி ஒப்புதல் வாங்கவும். பதிந்தால் பட்டறைக்குச் சீட்டுப் போய்விடும்."

அதற்கப்புறம் அந்தத் தப்பு ஒரு முறைகூட வரவில்லை.

இருப்பு டூலிலும் இதே கதை. தொட்டியில் ஊறிக்கொண்டிருக்கும் கல்லையும் சேர்த்து "இருப்பு" என்று சொல்லிக்கொண்டிருந்தது. பையனாவது எட்டிப் பார்ப்பான். ஏஜென்டுக்குத் தொட்டியும் தெரியாது, குடோனும் தெரியாது. காய்ந்து அடுக்கிய கல் மட்டும் என்று விளக்கத்தில் எழுதி, கணக்கையும் பிரித்துப் போட்டோம். நிறத்தை இஷ்டப்படி எழுதவிடாமல் எங்களிடம் உள்ள நிறங்களை மட்டும் பட்டியலாகக் கொடுத்தேன். இப்போது "மருதாணிச் சிவப்பு" என்று கேட்டால், எங்கள் பட்டியலில் எந்தச் சிவப்பு என்று திருப்பிக் கேட்கிறது. லாரி வாடகை டூல் தவறும்போது, காரணம் சொல்லாமல் "பிழை 400" என்று ஒரு கம்ப்யூட்டர் குறியீடுதான் வரும். ஏஜென்டும் விடாமல் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கும். "ஆறு இலக்கப் பின்கோடு இல்லை, வாடிக்கையாளரிடம் கேட்கவும்" என்று அந்த வரியை மாற்றச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினேன். மாற்றிக் கொடுக்க மூன்று வாரம் ஆனது. அது ரொம்ப அதிகம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த ஒன்றரை குறைந்தது, விளக்கம் எழுதுகிற வேலையை அவர்கள் ஒப்புக்கு முடித்ததால். அமைத்துக் கொடுக்க வருகிறவர் ஒரு நாள் பட்டறையில் உட்கார்ந்து, கல்லா, குடோன், தொட்டி மூன்றையும் பார்த்துவிட்டு எழுத வேண்டும். வாங்குகிறவர்கள் பணம் கட்டும் முன் எல்லா டூல் விளக்கத்தையும் கேட்டு வாங்கிப் படியுங்கள். கல் எண்ணிக்கையா, சதுர அடியா, ரூபாயா, நாளா என்று எண்ணுக்குப் பக்கத்தில் போடாத விளக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

போன வாரம் தேவகோட்டையிலிருந்து ஒரு ஆச்சி 400 சதுர அடிக்குத்தான் கேட்டார்கள். "ஆச்சி, எட்டு அங்குலத்தில் 900 கல் பிடிக்கும். உடைசலுக்கு 45 சேர்த்து 945 போடட்டுமா?" என்று கேட்டிருந்தது ஏஜென்ட். எல்லாம் ஒரே வாரத்தில் ஊற்றிய கல்லாகப் பார்த்து எடுத்து வைத்திருக்கிறோம்.